ஓட்டப்பந்தயம் வேறு, ஓட்டுப்பந்தயம் வேறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே உறுப்பினர் என்ற முறை போதுமா, மாற்ற வேண்டுமா என்பது தலைப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அழகாக ஒன்று கேட்டார்: "ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவனுக்குத்தானே பரிசு?" நீங்களும் கைதட்டினீர்கள். சரி. ஆனால் பந்தயத்தில் ஜெயித்தவன் கோப்பையோடு வீட்டுக்குப் போய்விடுவான். தோற்றவர்களுக்காகப் பேசும் வேலை அவனுக்கு இல்லை. தேர்தலில் ஜெயித்தவருக்கு அதுதான் வேலையே. நூறு ஓட்டு 34, 33, 33 என்று பிரிந்தால், 66 பேர் தேர்ந்தெடுக்காத ஒருவர் அந்த நூறு பேருக்கும் சேர்த்துச் சபையில் கை தூக்குகிறார்!

கற்பனைக் கணக்கு என்பீர்கள். அப்போது இதே முறை இருந்த நியூசிலாந்தில் 1978-இலும் 1981-இலும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியது தொழிற்கட்சி; அதிகத் தொகுதிகளை ஜெயித்து ஆட்சியில் அமர்ந்தது தேசியக் கட்சி. நண்பரே, உங்கள் பந்தயத்திலேயே முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லையே! 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு ஐந்தில் ஒருவர் ஓட்டுப் போட்டார். 92 இடங்களில் அதற்குக் கிடைத்தது இரண்டு.

அந்த மக்கள் 1993-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி முறையையே மாற்றினார்கள். 1996 தேர்தலிலிருந்து ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சிக்கு விழும் ஓட்டின் விகிதப்படிதான் சபையில் மொத்த இடம். உதிரிக் கட்சிகள் பெருகும் என்று பயமா? அந்தப் பங்கு கிடைக்க ஒரு கட்சி, கட்சி ஓட்டில் ஐந்து சதவீதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும். "கூட்டணி ஆட்சி நிலைக்காதே" என்றார் இன்னொருவர். 2011-இல் அதே மக்களிடம் இந்த முறை தொடரட்டுமா என்று மறுபடி கேட்டார்கள். பாதிக்கு மேல் தொடரட்டும் என்றார்கள். அது 15 வருடம் வாழ்ந்து பார்த்துச் சொன்ன பதில்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கட்சி ஓட்டால் வரும் இடங்களுக்குக் கட்சி தரும் பெயர்ப் பட்டியலில் யார் முதல், யார் கடைசி என்று கட்சித் தலைமை முடிவு செய்தால் வேண்டப்பட்டவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பின்லாந்து வாக்குச்சீட்டில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் வேட்பாளரின் எண்ணை எழுத வேண்டும். அந்த ஓட்டு கட்சிக் கணக்கிலும் சேரும், கட்சிக்குள் யார் முன்னால் என்பதையும் தீர்மானிக்கும்.

நடுவரே, மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் நிற்பவரைப் பாருங்கள். மனசுக்குப் பிடித்த பெயர் மூன்றாவதாக இருக்கிறது. பேனா அங்கே போகிறது, நிற்கிறது. "இவர் எங்கே ஜெயிக்கப் போகிறார், ஓட்டு வீணாகிவிடும்." அப்புறம் பிடிக்காத இருவரில் கொஞ்சம் குறைவாகப் பிடிக்காதவருக்குப் போட்டுவிட்டு வருகிறார். எதிரணி நண்பரே, முதலில் வந்தவர் வாங்கிய ஓட்டில் இப்படி விழுந்தவை எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். அப்புறம் பரிசைக் கொடுக்கலாம்.