பாட்டியை எடுக்காதீர்கள், தம்பி

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நேரம் அதற்கே சரியாக இருக்கும்.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். "ஐயா, நான் அல்சூரில் வளர்ந்தவன். அந்தத் தெருக்களை வைத்து ஒரு கதை எழுதினேன். படித்த நண்பர், இது இந்த ஊர்க்காரனுக்குத்தான் புரியும், ஊர் வாசனையைக் குறைத்தால்தான் எல்லோருக்குமான இலக்கியம் ஆகும் என்கிறார். எதைக் குறைப்பது?" கதையையும் கூடவே அனுப்பியிருக்கிறார். படித்தேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. எதையோ எடுக்கத்தான் வேண்டும். எதை என்பதில்தான் அவர் தடுமாறுகிறார். இந்தக் கணக்கைத் தொல்காப்பியர் எப்போதோ போட்டு வைத்துவிட்டார். அகப்பாட்டில் 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறார். காதலிப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. ஆனால் நிலம், பொழுது, மரம், பறவை, சாப்பாடு, தொழில், அடிக்கிற பறை வரைக்கும் எல்லாம் வரலாம். ஆளின் பெயருக்குத்தான் தடை, மண்ணுக்குத் தடை இல்லை.

குறுந்தொகை 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண் சமைக்கிறாள். முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலை உடுத்தியிருக்கும் துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், துவைக்கக்கூட நேரமில்லை. தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. இத்தனை பாடுபட்டு வைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று சாப்பிடுகிறான். அவள் என்ன செய்தாள்? 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.' முகம் கொஞ்சமே கொஞ்சம் மலர்ந்தது. அவ்வளவுதான், பாட்டு முடிந்தது. இதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்பவள் செவிலித்தாய். கேட்பவள் பெற்ற தாய்.

எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு கன்னட அம்மா இருக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் ஒருநாள் இந்தப் பாட்டை அவருக்குச் சொன்னேன். காந்தள் பூப் போன்ற விரல் என்ற உவமை அவர் காதில் ஏறவே இல்லை. பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. குழம்பு வந்ததும், "ஓ, மஜ்ஜிகே ஹுளி!" என்றார். நம்முடைய மோர்க்குழம்பு மாதிரி. செவிலி யாரிடம் சொல்கிறாள் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் மகளைக் கட்டிக்கொடுத்தது ஹூப்ளியில். அப்புறம் கேட்டார்: "அந்தப் பெண் சாப்பிட்டாளா?" பாட்டில் அது இல்லையே, நான் என்ன சொல்ல!

அந்தத் தயிரையும் துணியையும் தாளிப்புப் புகையையும் எடுத்துவிட்டு, 'மனைவி அன்போடு சமைத்தாள், கணவன் பாராட்டினான்' என்று எழுதியிருந்தால் அந்த அம்மா தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்.

'புறப்பாட்டில் அரசன் பெயரெல்லாம் வருகிறதே' என்று நீங்கள் கேட்கலாம். வரும். ஆனால் பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்' பாட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பாரி என்ற பெயரே கிடையாது. 'எந்தை' என்றும் 'எம் குன்று' என்றும்தான் இருக்கிறது. போன மாத நிலவில் அப்பா இருந்தார், இந்த மாத நிலவில் இல்லை. யார் பாட்டு, எந்த அப்பா என்பதையெல்லாம் பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்புதான் சொல்கிறது.

இன்னொரு விஷயம். நல்ல பாட்டு தானாக நடந்து ஊர் ஊராகப் போய்விடாது, யாராவது சுமக்க வேண்டும். மைசூரில் பிறந்த ஏ.கே.ராமானுஜன், 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனார். போன இடத்தில் சங்கப் பாடல்கள் கையில் சிக்கின. 1967இல் அவர் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்த ஆள் அதைச் செய்தார் என்பதில் நம்ம கர்நாடகத் தமிழர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

ஊரே இல்லாமல் எழுதியதற்குக் குறள் இருக்கிறதே என்பார் உங்கள் நண்பர். உண்மைதான், ஊர் பெயரோ அரசன் பெயரோ தமிழ் என்ற சொல்லோ அதில் இல்லை. அப்படிப்பட்ட நூலை எழுதியவரின் சிலைதான் உங்கள் அல்சூர் ஏரிப் பக்கம் 1991இலிருந்து 18 வருடம் மூடிக் கிடந்தது. 2009இல்தான் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல்களை நான் தேடிப் படித்ததே அதற்கு அப்புறம்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் கதை. முதல் பக்கத்தில் ஏழு பேர் பெயர் வருகிறது. எல்லாம் உங்கள் தெருக்காரர்கள், அவர்களைத் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் குசும்பு புரியும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டி மாவு மில் வரிசையில் தூக்குவாளியைத் தனக்குப் பதில் நிற்க வைத்துவிட்டு வெற்றிலை வாங்கப் போகிறாள். நண்பர் பேனாவால் அடித்திருப்பது பாட்டியை. அந்த ஏழு பேரை எடுங்கள். வாளி வரிசையிலேயே இருக்கட்டும், பாட்டி வந்துவிடுவாள்.