ஆவுடை ஆச்சிக்கு ஒரு டிக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு காகிதக்கூழில் மிருகங்கள் செய்கிறேன். அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொம்மையை வானொலியில் எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். "நீங்க சொல்லுங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்றார்கள். சரி, சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்றடி நீளம். பூசணிக்காய்க்குத் துடுப்பு முளைத்த மாதிரி ஒரு உடம்பு. அடுப்புக்கரியும் செம்மண்ணும் கலந்த நிறம். மூக்கு நுனியில் ஒரு வட்டக் கண்ணாடி. பக்கத்தில் தகரப்பெட்டி, அதன்மேல் ஒரு மடக்குக் குடை. துடுப்புக்கு அடியில் செருகின ஒரு அட்டை டிக்கெட். பெயர் ஆவுடை ஆச்சி. சாதியில் ஆவுளியா. நம் கரையில் ஆவுளியா என்று சொல்வதைத்தான் புத்தகத்தில் கடல்பசு என்று எழுதுகிறார்கள். 'ஆ' என்றால் பசு. ஆவுடை என்ற பெயர் அதற்குத் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கூழ் எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நம் வீடுகளில் புது முறம் வாங்கினால் இடுக்கை அடைக்க, ஊறின காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஆட்டி மெழுகுவார்களே, அதேதான். என் அம்மா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இந்த விழுதை அப்பிக் காயவைத்துக் கூடை எடுப்பார். மிளகாய் வற்றல் போட்டு வைக்க அதைவிட நல்ல கூடை கிடையாது. நான் அதில் சின்னச் சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். செய்தித்தாள் மை கூழைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் முட்டைக்கடை அட்டைத் தட்டுகளை வாங்கி வருகிறேன். மூன்று நாள் ஊறப்போட்டு, உரலில் இடித்து, பிழிந்து, வெந்தய விழுதும் மைதாப் பசையும் சேர்த்துப் பிசைவேன். பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போடுவேன், பூச்சி அரிக்காமல் இருக்க. துத்தம் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இந்தக் கரையில் கூழ் பிசைவது பெரிய வேலை இல்லை, காயவைப்பதுதான் வேலை. உப்புக்காற்றில் எது காய்கிறது? வாடைக்காற்று மாதங்களில் தொடவே கூடாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை குடும்பம் நடத்தும். மாசி, பங்குனியில்தான் நான் பெரிய வேலைகளை எடுப்பேன். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விரல் மூட்டால் தட்டிப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் 'பொத்' என்று சொல்லும். காய்ந்திருந்தால் மரக்கதவைத் தட்டின மாதிரி 'டொக்' என்று கேட்கும். ஆச்சி 'டொக்' சொல்லப் பத்தொன்பது நாள் ஆனது.

அவளுக்கு முன்னால் எத்தனையோ செய்தேன். கால் நனைய அருவருப்புப்படும் தனுஷ்கோடிப் பூநாரை, சந்தைக்குப் போக மறுத்துக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு படுத்த ராமநாதபுரம் வெள்ளாடு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் கதையை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டிவிடுவேன். கதை இல்லாத பொம்மையை ஜனங்கள் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். கதை இருந்தால் தூக்க மாட்டார்கள், முதலில் குனிந்து படிப்பார்கள். அந்தக் குனிதலுக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆச்சியின் கதை இதுதான்.

ஆவுளியா 70 வருடம் வரை வாழக்கூடிய பிராணி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு நம் கடலில் ஒரு கிழட்டு ஆவுளியா இருந்தால், அது குட்டியாக இருந்தபோது தனுஷ்கோடியில் ரயில் ஓடியிருக்கும். 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. சென்னையில் போட் மெயில் ஏறினால் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏற வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் தாண்டினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். இர்வின், கோஷன் என்று இரண்டு கப்பல்கள் ஓடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆவுடை அப்போது குட்டி. அம்மா முதுகை ஒட்டி நீந்திக்கொண்டு, துறையில் பெட்டியும் குடையுமாக ஜனங்கள் ஏறுவதைத் தினமும் பார்த்தது. தானும் போக வேண்டும் என்று ஆசை. எப்படியோ ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், அட்டையில் இடம் பத்தவில்லை. மறுநாள் கப்பல் ஏறுவதாக இருந்தது. அப்புறம் ஒரு பெரிய காற்று வந்தது.

1964 டிசம்பர் 22 இரவு. அதைப் பற்றி வேடிக்கையாக ஒரு வரி எழுதவும் எனக்குக் கை வரவில்லை. ஊர் போனது, பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு போனது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அந்த இரவில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கும். அதனால் கழுத்து அட்டையில் 'பெரிய காற்று' என்பதோடு நிறுத்திவிட்டேன். காற்று அடங்கியதும் ஆவுடை துறைக்கு வந்து பார்த்தாள், துறை இல்லை. இருந்தாலும் டிக்கெட் எடுத்தாயிற்றே! பெட்டியோடு காத்திருக்கிறாள்.

"நீந்தியே போயிருக்கலாமே?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் அவன் தங்கை சொன்னாள்: "டிக்கெட் காசு போயிரும்ல."

கதை இப்படி ஒருவழியாக அமைந்தது. உடம்புதான் என்னைப் படுத்தியது. முதலில் செய்த ஆவுளியாவை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். 'கடல்பசு' என்று பலகையும் வைத்தேன். ஒரு அம்மா, "கடல்சிங்கம் தத்ரூபமா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். மனசு விட்டுப்போனது. திரும்பி வந்து வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தபோது, எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். வள்ளத்தில் ஆயுசைக் கழித்தவர். வடகடல், தென்கடல் இரண்டும் அத்துப்படி. ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர், வாலைச் சுறாவுக்கு வைக்கிற மாதிரி செங்குத்தா நிப்பாட்டிருக்கீங்க? ஆவுளியாவுக்கு வாலு படுத்துல்ல கிடக்கும். திமிங்கிலத்துக்கு இருக்கிற மாதிரி."

மேலும் கீழும் அடித்துத்தான் அது நீந்தும், பக்கவாட்டில் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு விடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வரும் பிராணிக்கு அப்படிப்பட்ட வால்தானே வசதி.

"வேற என்ன தப்பு, அண்ணே?"

அவர் உட்கார்ந்துவிட்டார். வாய் முன்னால் பார்க்கக்கூடாது, கீழே பார்க்க வேண்டும், தரையில் இருக்கிற தாழையை மேய வேண்டும் அல்லவா. கடல் புல்லைத் தாழை என்றுதான் இவர்கள் சொல்வார்கள். உதட்டில் முரட்டு முடி வேண்டும். மூக்குத் துவாரம் மூஞ்சிக்கு மேலே. முதுகில் துடுப்பு கிடையாது, எடுங்கள். கண் பெரிசு, சின்னதாக்குங்கள்.

கண்ணில்தான் சண்டை. சின்னக் கண் வைத்தால் பொம்மைக்கு முகமே வராது. பெரிய கண் வைத்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு நாள் யோசித்து, மிளகு அளவில் கண் வைத்து அதற்குமேல் கண்ணாடி மாட்டிவிட்டேன். வயதானவள், பார்வை மங்கல். அவரும் சமாதானம், நானும் சமாதானம்.

இன்னொரு தப்பை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னார். அவர் எழுந்து வெளியே போனபிறகு என் பக்கத்தில் வந்து, தன் அக்குளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "அதுக்கு மார் இங்கல்ல டீச்சர் இருக்கும். புள்ளைக்குப் பால் குடுக்கிற சாதி அது." யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். இன்று உயிரோடு இருக்கும் தரைப் பிராணிகளில் யானை ஆவுளியாவுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். குறைந்துபோனால் பெருகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு நுணுக்கம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரியவர் தயங்கவில்லை. "தின்னுருக்கோம் டீச்சர். மறைக்க என்ன இருக்கு? கரையில போட்டு அறுக்கிறப்ப பக்கத்துலயே நின்னவன் நான்." 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதை முதல் பட்டியலில் வைத்தார்கள், பிடித்தால் சிறை. அதற்கு முன்னால் இந்தக் கரையில் அது கறி. அவர் பையனாக இருந்தபோது, 1960-களில், மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆவுளியாக்களைத் தொட்டியில் வளர்த்தார்கள். அதையும் போய் எட்டிப் பார்த்திருக்கிறார். "புல்லு போட்டா பசு மாதிரியே மெல்லும். அதைப் பார்த்துட்டு வந்த அன்னைக்குக் கறி இறங்கல. மறுநாள் இறங்கிருச்சு."

அதன் உடம்பை இவ்வளவு சுத்தமாகச் சொல்லக்கூடியவர்கள், அதை வெட்டியதைப் பார்த்த தலைமுறை. என்னிடம் பொம்மை வாங்க வரும் பிள்ளைகள் தின்னவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கதை எவ்வளவு வேண்டுமானாலும் பொய்யாக இருக்கட்டும், வால் பொய்யாக இருக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தப் பொம்மையை ஊறப்போட்டுத் திரும்பக் கூழாக்கினேன். காகிதக்கூழில் அது ஒரு சௌகரியம், தப்பை மறுபடி உரலில் போடலாம்.

புதிதாகக் கட்டும்போது உள்கூட்டுக்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்த கிழிசல் வலையைச் சுருட்டி வைத்தேன். இலேசாக இருக்கும், கூழும் நன்றாகப் பிடிக்கும், குப்பையும் குறையும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "வலையைச் சுத்தியா ஆவுளியா செய்றீங்க?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. செவுள்வலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சு முட்டித்தான் இன்றைக்கு அவை அதிகம் சாகின்றன. அவிழ்த்து எடுத்துவிட்டேன். இப்போது ஆச்சியின் வயிற்றுக்குள் இருப்பது பனையோலையும் பனைநாரும். மீசைக்குத் தென்னை ஈர்க்கு.

ஆவுளியா வலையில் விழுந்தால் வலையை அறுத்து அதை உயிரோடு கடலில் விடும் மீனவர்களுக்கு இப்போது வனத்துறை சன்மானம் தருகிறது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் முதல் முறை. நம் மாவட்டத்துப் பக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா 1986-லிருந்தே இருக்கிறது. இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். "புல்லு இருந்தா அது இருக்கும்" என்று முடித்துவிட்டார். ஆளாக வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும்.

இந்த 40 கிலோவால் ஒரு வம்பு. ஆச்சியின் பெட்டிக்குள் நான் ஒரு தூக்குச்சட்டி செய்து வைத்திருந்தேன், கட்டுச்சோறு என்று. பெட்டியைத் திறந்து பார்த்துப் பெரியவர் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது. "இது அதுக்குப் பல்லுக் குத்தக்கூடப் பத்தாது." தூக்குச்சட்டியை எடுத்துவிட்டேன். அதற்குள் என்ன வைப்பது என்று தோன்றவில்லை. பெட்டி காலியாகவே இருந்தது.

ஆச்சி இப்போது எங்கள் ஊர் நூலகத்தில், சிறுவர் பகுதி மேசைமேல் இருக்கிறாள். விற்கவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள், ஒருவர் நல்ல விலையே கேட்டார். பெரியவர் அங்கே தினமும் பேப்பர் படிக்க வருவார். கழுத்து அட்டையை அவருக்கு முதல் முறை படித்துக் காட்டினது நான்தான். முழுசும் கேட்டுவிட்டு, விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப இதுக்கு என் வயசுதான்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தப்பு ஏதோ கண்டுபிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"புயலுக்கு அப்புறம் கப்பலை ராமேஸ்வரத்துல இருந்துல்ல விட்டாங்க. எண்பதுகள் வரைக்கும் ஓடுச்சே. இதுக்கு யாரும் சொல்லலையா?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. உடம்பில் ஒரு முடியைக்கூட மாற்றிவைக்க விடாத மனிதர், கதைக்குள் இறங்கி அவளுக்காக வருத்தப்படுகிறார். "சொல்ல ஆளில்லை அண்ணே" என்றேன். "ம்" என்றார்.

அடுத்த வாரம் போனபோது தகரப்பெட்டியின் மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்தேன். உள்ளே கரையில் ஒதுங்கின தாழை, காயவைத்து, மடித்து, திணித்து வைத்திருந்தது. நூலகருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மேசையெல்லாம் உப்பும் மணலும் உதிர்கிறது என்று. எனக்கும் உள்ளூரப் பயம். காய்ந்த தாழையும் ஈரத்தை இழுக்கும், கூழில் பூஞ்சை ஏறிவிடும். மாதம் ஒரு தடவையாவது மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரே மாற்றுகிறார். மாற்றும்போது விரல் மூட்டால் ஆச்சியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்கிறார்.

'டொக்' என்றுதான் இதுவரை சொல்கிறது.

வணக்கம்.