எற்பாட்டுக்கு ஓர் அமைப்பு, மாலைக்கு ஓர் அமைப்பு

(கொடைக்கானலில் ஒரு ஜனவரி மாதப் பிற்பகலில், கேமரா பழகும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மலையில் சூரியனைப் படம் பிடிப்பது இன்று நேற்று தொடங்கிய வேலை இல்லை. 1899-இல் நிறுவப்பட்ட நம் அப்சர்வேட்டரியில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்ததும் இங்கே எடுத்த நிறமாலைப் படங்களை வைத்துத்தான். வெளிச்சம் போதவில்லை என்பது அவர்கள் கவலையாக இருந்திருக்காது. அளவுக்கு மீறிய வெளிச்சத்தை எப்படி அடக்கிப் பிடிப்பது என்பதே கவலை. இன்று சாயங்காலம் சூரியன் மறைவதைப் படமெடுக்கப் போகும் உங்களுக்கும் அதே கவலைதான் வரப்போகிறது.

நான் ஃபிலிம் காலத்தில் தொழில் பழகியவன். ரோல் போட்டு எடுத்தபோது அந்திச் சிவப்பு கண்ணில் பட்டபடி படத்தில் விழுந்துவிடும். முதல் டிஜிட்டல் கேமரா வாங்கிய வருடம், ஒரு டிசம்பர் சாயங்காலம், பூம்பாறை ஊர் கீழே தெரிகிற சாலை வளைவில் நின்றேன். மலைப்பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன, மேலே வானம் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஆட்டோவில் வைத்து நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வானம் வெளிறிய மஞ்சளாக இருக்கிறது, சூரியன் இருந்த இடத்தில் வெள்ளை ஓட்டை. அந்த வானம் எங்கே போயிற்று என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இந்தப் பேச்சே அதற்குக் கிடைத்த பதில்தான்.

முதலில் நிறம். நாங்கள் போட்ட ரோல் பகல் வெளிச்சத்துக்கென்று செய்தது. நண்பகல் வெள்ளையை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், சிவப்பு வந்தால் சிவப்பு என்று பதியும். எது வெள்ளை என்று தானாகவே தீர்மானிக்கும் டிஜிட்டல் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அப்படி இல்லை. இவ்வளவு சிவந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், குண்டு பல்பு எரிகிற அறைக்குள் எடுக்கிறார்கள் போல என்று நினைத்து நீலத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்கும். நீங்கள் எதைப் பார்க்க மலையேறி வந்தீர்களோ அதையே கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். அதனால் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து, சூரியன் படம் போட்ட டேலைட்டில் வையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் சுமார் 5,200 முதல் 5,500. பழைய ரோல் செய்ததை இது செய்யும். மேகம் படம் போட்ட அமைப்பு இன்னும் கொஞ்சம் சூடேற்றும், அதுவும் நன்றாகவே இருக்கும். நிழல் படம் போட்டதை நான் தொடுவதில்லை. அதில் புல்வெளியெல்லாம் காவி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுப்பவர்கள் நிறத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் டேலைட்டில் வைத்தே எடுங்கள், பின்திரையில் உண்மையான நிறம் தெரிந்தால்தான் அடுத்த படத்தை ஒழுங்காக எடுப்பீர்கள்.

அடுத்தது வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்குத் தெரிந்தது நடுத்தரச் சாம்பல் ஒன்றுதான். வானத்தைக் காட்டினாலும் மலையைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். இருண்ட சரிவு படத்தில் பாதி இருந்தால் அதை வெளிச்சமாக்குகிறேன் என்று வானத்தை எரித்துவிடும். பூம்பாறையில் எனக்கு நடந்தது இதுதான். ஆகவே மீட்டர் சொன்னதற்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கழித்தல் 1-இல் வைத்துத் தொடங்குங்கள். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. சூரியனை ஓரமாக ஒதுக்கி, அதற்குப் பக்கத்து வானத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டி, எக்ஸ்போஷர் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் படத்தை அமையுங்கள். மலை இருண்டு போகும், போகட்டும். முகட்டின் வரி மட்டும் தெளிவாக இருந்தால் போதும்.

சிவப்பு ஏன் மஞ்சளானது? இது எனக்குத் தாமதமாகப் புரிந்த விஷயம், நீங்கள் இன்றைக்கே பிடித்துக்கொள்ளுங்கள். சென்சார் மூன்று நிறங்களைத் தனித்தனியாக அளக்கிறது, மூன்று குடம் வைத்து மழை பிடிப்பதுபோல. அந்தியில் சிவப்பு மழைதான் கனமாகப் பெய்கிறது, அந்தக் குடம் முதலில் நிரம்பி வழிகிறது. நிரம்பிய பிறகு சிவப்பு கூட முடியாது, ஆனால் பச்சை ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்போடு பச்சை கூடினால் மஞ்சள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று மொத்த வெளிச்சத்தை வரைந்து காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமில் பச்சைக்குத்தான் பெரிய பங்கு. அதனால் அது எல்லாம் நலம் என்றே காட்டும். கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவைத்து, சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். முட்டினால் இன்னும் ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். சூரியனின் வட்டம் மட்டும் வெளுத்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைச் சுற்றியுள்ள வானம்தான் முக்கியம்.

மற்ற அமைப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100. லென்ஸின் துவார அளவான அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது 11. கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் வேகம் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் குறையாமல் இருக்கட்டும், 200 என்றால் நொடியில் 200-இல் ஒரு பங்கு. லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தில் இன்னொரு போலிச் சூரியன் வந்து உட்காரும். வெற்று வானத்தில் ஃபோகஸ் தடுமாறும், மலை முகட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். மழை கழுவிய ஜனவரிக் காற்றில், முகட்டைத் தொடும் வரை நம் சூரியன் உக்கிரம் குறையாமலே இருக்கும். கீழ்நாட்டுப் புழுதியில் தெரியும் செம்பருத்தி நிறச் சூரியன் இல்லை இது. பெரிய லென்ஸ் மாட்டி, கண்ணாடி வழியாகப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காதீர்கள். பின்திரையில் லைவ் வியூ போட்டுப் பாருங்கள். கண் போனால் வராது, தம்பிகளே.

சூரியன் படத்தில் சின்னப் பொட்டாக விழுகிறதே என்று இங்கே ஒரு தங்கை கேட்டார். கணக்கு எளிது. லென்ஸின் மில்லிமீட்டரை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அளவு வரும். 50 மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 400 போட்டால் மூன்றரைக்கு மேல். அகல லென்ஸ் வைத்திருப்பவர்கள் சூரியனை நம்பாமல் மேகத்தையும் முகடுகளின் அடுக்கையும் நம்புங்கள்.

இனி நேரம். நம் முன்னோர் பொழுதைப் பிரித்தபோது எற்பாடு என்று ஒன்றையும் மாலை என்று ஒன்றையும் தனித்தனியே வைத்தார்கள். எல் என்றால் கதிரவன், பாடு என்றால் சாய்தல். எற்பாட்டை நெய்தலுக்கும் மாலையை முல்லைக்கும் கொடுத்தார்கள். குறிஞ்சிக்குக் கிடைத்தது யாமம். படம் எடுப்பவனுக்கு இந்தப் பிரிவு மிகச் சரியானது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வெளிச்சம். இதுவரை நான் சொன்னதெல்லாம் எற்பாட்டுக்கு.

கடற்கரையில் இருப்பவனுக்குப் பஞ்சாங்கம் சொன்ன நேரத்தில் சூரியன் மறையும். நமக்கு முகடு குறுக்கே நிற்பதால் முன்பே போய்விடும், கால்மணியோ அரைமணியோ, நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மறையும் இடமும் நகரும். மார்ச், செப்டம்பரில் நேர் மேற்கு. டிசம்பரில் அங்கிருந்து சுமார் 24 பாகை தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. போன வருடம் சித்திரையில் நல்ல படம் கிடைத்த இடத்துக்குத் தையில் போய் நின்றால் வேறு மலைதான் எதிரே இருக்கும். முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சூரியன் தொடுவானத்தைத் தொட்டு முழுதாக இறங்க இங்கே இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும், அவ்வளவே. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பத்து பாகை வடக்கில் இருப்பதால் அது ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. ஐரோப்பாக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அந்தி நீண்டுகொண்டே போகும். நமக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான், அதற்குள் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் வடிந்துவிடும். அமைப்பை ஒருமுறை வைத்துவிட்டு மறந்தால் நாலாவது படமே இருண்டுவிடும்.

இதுதான் மாலை. கூட்டம் கலைந்து வண்டியேறும் நேரம், நீங்கள் ஏறாதீர்கள். மறைந்த பின் மேகத்தின் அடிவயிற்றில் வெளிச்சம் படும், அப்போதுதான் இருக்கிற சிவப்பெல்லாம் வரும். ட்ரைபாட்டில் வைத்து, லென்ஸின் அசைவு தடுக்கும் பொத்தானை அணைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். ஷட்டர் கால் நொடி, ஒரு நொடி, நாலு நொடி என்று போகட்டும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டாம். டேலைட்டை மாற்ற வேண்டாம். கழித்தல் காம்பன்சேஷனை மட்டும் மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், எரிக்க இப்போது சூரியன் இல்லை. பனி இறங்கும், லென்ஸைத் துடைக்கப் பருத்தித் துணி கையிலேயே இருக்கட்டும். பேட்டரி குளிரில் சீக்கிரம் களைக்கும், உபரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். மூடுபனி வந்து படத்தை நிறைத்தால் கணக்கு தலைகீழாகும். வெள்ளையைக் கேமரா சாம்பலாக்கும், அப்போது கூட்டல் 1.

போன் வைத்திருப்பவர்கள் திரையில் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து இருளாக்குங்கள். இதைச் செய்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு தடவையாவது மேற்குக்கு முதுகைக் காட்டுங்கள். மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக் பக்கம் சமவெளிக்கு மேலே, கிழக்கு வானின் அடியில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதன் மேலே இளஞ்சிவப்பு ஒரு கச்சைபோல் படிந்திருக்கும். வெளிச்சம் அங்கே சீராக இருப்பதால் மீட்டர் சொல்வதை அப்படியே நம்பலாம், காம்பன்சேஷன் தேவையில்லை. என்னிடம் உள்ள கொடைக்கானல் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்தத் திசையில் எடுத்தவைதான்.

இப்போது மணி ஐந்து. இன்று ஆறே காலை ஒட்டி மறைவு, முகட்டைக் கழித்தால் நமக்கு ஆறு மணி. ட்ரைபாட் இல்லாதவர்கள் என்னோடு வாருங்கள், இரண்டு கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறேன்.