கிளிநொச்சியில் காசு ஏன் தங்குவதில்லை?

[திரை: ஏ9 வீதி. ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாகக் கடை வரிசை.]

வணக்கம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் கிளிநொச்சியைக் கடக்க அதிக நேரம் எடுக்காது. 155ஆம் மைல் கட்டைப் பக்கம் கடைகள் தொடங்கும். வங்கிகள், கந்தசுவாமி கோயில், மாவட்டச் செயலகம், சந்தை, டிப்போச் சந்தி எல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே போகும். கரடிப்போக்கைத் தாண்டினால் மறுபடியும் வயல். கார்ப்பெற் வீதி, கண்ணாடி போட்ட கட்டடங்கள், வீதி விளக்குகள். போர் முடிந்த காலத்தில் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பி வருகிறவர் "ஊர் நல்லா வந்திட்டுது" என்பார். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் மரக்கறி விற்கிறவரிடமோ, சின்னத் துணிக்கடை நடத்துகிறவரிடமோ வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். முகத்திலேயே பதில் தெரியும்.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஒரு நகர மையத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்றால் உண்மையில் எதைத் தூக்க வேண்டும்? கிளிநொச்சியை வைத்தே பார்ப்போம். நடுவில் ஒருமுறை வவுனியாவுக்கும் போய் வருவோம்.

[திரை: இரணைமடுக் குளம். அணைக்கட்டு, வான்கதவுகள்.]

இந்த ஊரைப் பெற்றது குளம். கனகராயன் ஆற்றை மறித்து, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்தைக் கட்டினார்கள். 1930களில் யாழ்ப்பாணத்தில் காணி நெருக்கடியும் வேலையில்லாத் திண்டாட்டமும் கூடியபோது, அங்கிருந்த குடும்பங்களுக்கு இங்கே காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். வாய்க்கால் போன இடமெல்லாம் வயல். வயல்காரருக்கு மண்வெட்டி வேண்டும், மண்ணெண்ணெய் வேண்டும், கல்யாணத்துக்குச் சேலை வேண்டும். அதற்காக வீதியோரம் முளைத்த கடைகள்தான் இன்றைய நகரம். கமக்காரரின் மடியில் காசு இருந்தால் கடை ஓடும், இல்லையென்றால் ஓடாது. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

அந்த மடி நிறைந்திருந்த ஒரு காலமும் உண்டு. 1970களில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த வாலிபர் திட்டம் என்று இளைஞர்களுக்குக் காணி கொடுத்தார்கள். மிளகாய் விற்று உழவு இயந்திரம் வாங்கிய கதையை அந்தப் பக்கத்து மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, வெளிநாட்டு மிளகாய் வந்தது, விலை விழுந்தது. முடிவு எடுத்தது கொழும்பில், காசு குறைந்தது விசுவமடுவில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. அதன் பிறகு போர். 1996, 1998, 2009 என்று மூன்று முறை நகரம் கைமாறியது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை வீதியோரம் அப்படியே வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், பக்கத்தில் இராணுவம் நடத்திய கடையில் தேநீர் குடித்தார்கள், பஸ் ஏறிப் போனார்கள். சுற்றுலா வந்தது, ஆனால் ஊர்க் கடைக்காரரின் லாச்சிக்குள் வந்தது எவ்வளவு? அந்த நாட்களில் பலரும் கேட்ட கேள்வி அது.

[திரை: ரயில் நிலையம். காலை நேரக் கூட்டம்.]

சரி, 2009க்குப் பிறகு என்ன செய்தார்கள்? வீதி போட்டார்கள், பாலம் கட்டினார்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. 1990இலிருந்து வராத ரயில் 2013 செப்டெம்பரில் இந்தியக் கடனுதவியோடு கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணம் வரை போனது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் வந்தன. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் தேவையானதுதான், நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீதிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஆளைக் கொண்டுவரும் அதே வீதி ஆளைக் கொண்டும் போகும். முன்பு யாழ்ப்பாணம் போவது ஒரு நாள் வேலை. இப்போது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கல்யாணச் சேலை, நகை, தளபாடம் என்று பெரிய சாமான் வாங்க வேண்டுமென்றால் பல குடும்பங்கள் நேரே யாழ்ப்பாண நகரத்துக்குப் போகின்றன. கிளிநொச்சிக் கடைக்கு மிஞ்சுவது சோடாவும் சவர்க்காரமும்.

உத்தியோகத்தர்களின் கதையும் இதேதான். இங்கே உள்ள அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வேலை செய்கிறவர்களில் கணிசமானவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்கள். பிள்ளைகளின் படிப்பு, வீடு, உறவு எல்லாம் அங்கே. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சம்பளம் கிளிநொச்சிப் பதிவேட்டில் இருக்கிறது, சந்தைச் செலவு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நடக்கிறது. பின்னேர பஸ் போன பிறகு நகரத்தில் யார் மிச்சம் என்று பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக் கடையொன்று துணிந்து திறக்க வேண்டுமென்றால், இரவில் ஊரில் ஆள் இருக்க வேண்டாமா?

[திரை: குளம், வாய்க்கால், ரூபாய் நோட்டு என்று எளிய வரைபடம்.]

குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஒரு கணக்கு. தண்ணீரை வெளியே விடும் துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. காசும் அப்படித்தான். உள்ளூர்ப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பெரும்பாலும் முதல் கணக்கை மட்டும் பார்க்கிறோம்: எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எந்த அமைச்சர் அடிக்கல் நாட்டினார் என்று. இரண்டாவது கணக்கைப் பார்க்க நெல்லை எடுத்துக்கொள்வோம், அதைவிடத் தெளிவான உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடையாது.

காலபோகம் வெட்டி முடிகிற தை, மாசியில் வயல் வீதிகளில் லொறிகள் வரிசையாக நிற்கும். கமக்காரரிடம் காயவைக்கத் தளம் போதாது, சேமிக்கக் களஞ்சியம் போதாது. பசளைக் கடன், அறுவடை மெசின் கூலி, அடகு வைத்த நகை எல்லாம் தலைக்கு மேல் நிற்கும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை விலை அறிவித்துக் களஞ்சியத்தைத் திறக்கும்வரை காத்திருக்க எல்லோராலும் முடியாது. ஈர நெல்லை வயலிலேயே வந்த விலைக்குக் கொடுப்பார்கள். அந்த நெல்லில் பெரும் பங்கு பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. சில மாதங்களில் பெயர் அச்சடித்த பையில் அரிசியாகத் திரும்பி வந்து, அதே கமக்காரர் சாமான் வாங்கும் கடையில் அடுக்கியிருக்கும்.

இதில் வெளியே போனது அரிசி மட்டும் இல்லை. அவிக்கிற வேலை, குத்துகிற வேலை, பை கட்டுகிற வேலை, லொறிக்காரரின் வாடகை, ஆலைக்கு மோட்டார் திருத்துகிறவரின் கூலி. தவிடு போனது, அது மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். உமி போனது, அது அடுப்புக்கு எரிபொருள். நல்ல ஆட்டக்காரிச் சிவப்பரிசிக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஏன் கனடாவிலும் ஆள் தேடுகிறார்கள், அந்தப் பெயருக்குரிய கூடுதல் விலையும் எங்கேயோ போனது. ஊரில் சின்ன ஆலைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அறுவடை நேரத்தில் நெல்லை மொத்தமாக வாங்கி வைக்கக் கைக்காசு உள்ள ஆலை எத்தனை? பிரச்சினை மெசினில் இல்லை, அந்த இரண்டு மாதத்துக்கான கைமுதலில் இருக்கிறது. ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அறுவடைக் காலத்துக்கு மட்டும் குறைந்த வட்டியில் சுழற்சிக் கடன் கொடுத்தால், புதிய கடைத்தொகுதி ஒன்று கட்டுவதைவிட நகரத்துக்கு அது கூடுதலாக உதவும் என்பது என் கணிப்பு.

கைமுதல் என்றதும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் ஞாபகம் வருகின்றன. அவற்றில் நிறையப் பேர் லீசிங் கம்பனிகள், நிதி நிறுவனங்கள். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் தவணைக்கு வந்தன, வீட்டு வாசலுக்கு நுண்கடன் வந்தது. குடும்பத்தைத் தனியாகச் சுமந்த பெண்கள் பலர் வாரத் தவணைக்குள் மாட்டிக்கொண்டார்கள். நிலைமை முற்றிப்போய்த்தான் 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நகர மையத்தில் கட்டடம் உயர்வது எல்லா நேரமும் நகரம் உயர்வதன் அடையாளம் இல்லை. சில கட்டடங்கள் காசை வெளியே அனுப்பும் வாசல்கள்.

[திரை: சந்தைக் கடைகள். மெதுவாக நகரும் காட்சி.]

இப்போது சந்தைக்குள் போவோம். 2016 செப்டெம்பர் 16 இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை தீப்பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் எரிந்தன, பெரும்பாலும் துணிக்கடைகளும் பழக்கடைகளும். அப்போது மாவட்டத் தலைநகரில் ஒரு தீயணைப்பு வண்டி கூட இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. 65 கிலோமீற்றருக்கு மேல். தீ அதுவரை காத்திருக்குமா?

தீயணைப்பு வண்டி ஏன் இல்லை? கிளிநொச்சிக்கு நகரசபை கிடையாது. மன்னாருக்கு உண்டு. வவுனியா மாநகர சபையாகவே உயர்ந்துவிட்டது. கிளிநொச்சி நகரம் மட்டும் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது, பரந்தன், தருமபுரம் போன்ற ஊர்களோடும் பெரிய வயல்வெளிகளோடும் சேர்ந்து. ஆதனவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் என்று சபையின் வருமானம் சின்னது. சந்தை எரிந்த பிறகுதான் தீயணைப்புப் பிரிவு வந்தது.

வருமானத்தைவிட அதிகாரம் இன்னும் சின்னது. நகரத்தின் முதுகெலும்பான ஏ9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. திட்டமிடல், நகர அபிவிருத்தி அதிகார சபை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் மத்திய அரசு, தனியார் பஸ் மாகாணம். அரச காணி என்றால் பிரதேச செயலகம். வீதிக்கு இந்தப் பக்கம் வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டால், தவிசாளர் மனது வைத்தாலும் நான்கு கதவு தட்ட வேண்டும். அந்தத் தவிசாளரும் எப்போதும் இருந்தாரா? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை செயலாளர்கள்தான் நடத்தினார்கள். மாகாண சபை இன்னும் மோசம், 2013க்குப் பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை.

[திரை: வவுனியா. கண்டி வீதி.]

முடிவு யாருடையது என்ற குழப்பம் நகர மையத்தை என்ன செய்யும் என்பதற்கு வவுனியா நல்ல பாடம். 2017இல் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள், பழைய நகர மையத்திலிருந்து தள்ளி. தனியார் பஸ் ஒரு கணக்கு, இ.போ.ச. இன்னொரு கணக்கு. 2018 தொடக்கத்தில் பழைய நிலையத்தை மூடியதும் வேலைநிறுத்தம் வரை போனது. பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த கடைக்காரர்களின் கவலை எளிமையானது: பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்தான் வடை வாங்குகிற ஆள், தொலைபேசி அட்டை வாங்குகிற ஆள். பஸ்ஸை நகர்த்தினால் சந்தையையும் நகர்த்தியாயிற்று. அதே வவுனியாவில் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் வைப்பதா, தாண்டிக்குளத்தில் வைப்பதா என்று 2016 முழுக்க அரசியல்வாதிகள் இழுபறிப்பட்டார்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள், அதுவும் கட்டி முடித்த பிறகு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது.

[திரை: பரந்தன் சந்தி. பழைய இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடு.]

கடைசியாகப் பரந்தன். ஆனையிறவு உப்பை எடுத்து, இங்கே எரிசோடாவும் குளோரினும் செய்தார்கள். மூலப்பொருள் பக்கத்தில், வேலையாட்கள் பக்கத்தில், ரயில் வாசலில். போரோடு நின்றது. அதன் பிறகு பரந்தன் என்ற பெயரைச் சுமந்த அரச நிறுவனம் குளோரினை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. இதற்கு நான் தனியாக விளக்கம் சொல்லத் தேவையில்லை. இப்போது பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தார்கள். நல்லது. ஆனால் வலயம் வரும்போது கேட்க வேண்டியது எத்தனை பேருக்கு வேலை என்பது மட்டும் இல்லை. அந்த வேலைக்காரருக்கு மதியச் சாப்பாடு கொடுப்பது யார், லொறி யாருடையது, மெசின் பழுதானால் கிளிநொச்சிக் கராச்சுக்கு ஆள் வருமா, கொழும்பிலிருந்து வருமா?

பார்க்கிறவர்கள் ஒன்று செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, சந்தைக் கடை வாடகையாக ஒரு வருடத்தில் எவ்வளவு வந்தது, அதில் சந்தைக்கே எவ்வளவு செலவானது என்று உங்கள் பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த கணக்கைக் கீழே போடுங்கள். கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு, துணுக்காய் எங்கேயாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வீடியோவில் அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.