கடல் தாண்டிய திருத்தொண்டு

(மயிலாப்பூரில் நடந்த வழியனுப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முழங்கால் வலியையும் பாராமல் இரண்டு மாடி ஏறி வந்து தலைமை தாங்கும் நீதியரசர் அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வாங்க மறுத்த அறங்காவலர் ஐயா அவர்களே, விடியற்காலையிலிருந்து அடுக்களையில் நிற்கும் மகளிர் குழுவினரே, தேவாரம் முதலான திருமுறை வகுப்பை இத்தனை காலம் தாங்கிவரும் ஓதுவார் ஐயா அவர்களே, அமெரிக்காவில் கோயில் தொண்டு செய்ய நாளை மறுநாள் விமானம் ஏறும் நம் மேற்கு மாம்பலம் ஐயா, அம்மா இருவருக்கும் என் வணக்கம்.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. நம் மக்கள் போன இடமெல்லாம் இதைச் செய்து காட்டினார்கள். சிங்கப்பூரில் மாரியம்மனுக்கு 1827லேயே கோயில். நியூயார்க் ஃப்ளஷிங்கில் 1977 ஜூலை 4 அன்று வல்லப கணபதிக்குக் குடமுழுக்கு, ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று செய்தார். ஜெர்மனியின் ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பி 2002இல் குடமுழுக்கு செய்தார்கள். அகதியாகப் போன இடத்தில் தேர் இழுக்கிறார்கள் ஐயா!

கட்டியாயிற்று. உள்ளே நின்று தொண்டு செய்ய ஆள்? பிள்ளைகளுக்கு வேலை, சனி, ஞாயிறுதான் ஓய்வு. அதனால்தான் நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் போக வேண்டும். மூன்று விஷயம் சொல்கிறேன்: விசா, உடல்நலம், பாட்டு. விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் சமயப் பணியாளருக்கு ஆர்-1 என்ற விசா, அதற்கு ஐந்தாண்டு வரம்பு. சம்பளம் இல்லாத தொண்டுக்கு வேறு வழி உண்டு, விவரம் செயலாளரிடம். நான் பாட்டுக்கு வருகிறேன்.

போன குளிர்காலத்தில் நம் மேற்கு மாம்பலம் ஐயாவும் அம்மாவும் மகன் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, வெளியே முழங்கால் அளவு பனி. கோயிலில் சமையற்காரர் வந்து சேரவில்லை. அம்மா யாரையும் கேட்கவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போய்விட்டார். வெண்பொங்கல்! மிளகும் நெய்யும் மணக்க, வந்தவர்கள் அத்தனை பேருக்கும். வங்கியில் அதிகாரியாக இருந்த ஐயா அண்டா தேய்த்தார். கோயிலில் புல் செதுக்க உழவாரம் பிடித்த அப்பர் பெருமான் வழியில் வந்தவர்களுக்கு அண்டா தேய்ப்பதில் என்ன குறைச்சல்?

தீபாராதனை. குருக்கள் மந்திரம் சொல்லி முடித்தார். நம் ஊரில் அந்த இடத்தில் ஓதுவார் பஞ்சபுராணம் என்று திருமுறையிலிருந்து ஐந்து பாட்டுப் பாடுவார். அங்கே பாட ஆளில்லை. ஐயா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சம்பந்தர் நம் மயிலைக்குப் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்தார். குரல் கொஞ்சம் நடுங்கியதாம், குளிரில். பாடி முடித்ததும் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, "தாத்தா, இது எந்தக் கோயில் பாட்டு?" என்றான். "எங்க மயிலாப்பூர் கோயில் பாட்டுடா கண்ணா." "அங்கேயும் பார்க்கிங் கிடைக்காதா தாத்தா?"

(சிரிப்பு, கைதட்டல்)

கேளுங்கள், இன்னும் இருக்கிறது. ஐயா அவனை உட்காரவைத்துக் கதை சொன்னார். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண்ணை, 'ஐப்பசி ஓணம் பார்க்காமல் போவாயா, கார்த்திகை விளக்கீடு பார்க்காமல் போவாயா, தைப்பூசம், பங்குனி உத்திரம் பார்க்காமல் போவாயா' என்று திருவிழாவாகச் சொல்லிச் சொல்லி அழைத்த பதிகம் அது. ஒரு ஊரின் ஆண்டு முழுவதும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது! மறுவாரம் அந்தப் பையன் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வந்துவிட்டான், அது ஒரு பாட்டு வகுப்பே ஆகிவிட்டது. அந்த வகுப்புக்காகத்தான் கோயில் நிர்வாகமே இப்போது இவர்களைக் கூப்பிட்டிருக்கிறது.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்றவர்கள், பாட்டு இல்லாத கோயிலை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிநாடு போகும் ஒவ்வொரு பெற்றோரும் பத்துப் பதிகமாவது பண்ணோடு கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று கிளர்ச்சியே செய்துகொண்டிருக்கிறேன். பெட்டியில் ஊறுகாய்க்கு இடம் இருக்கிறதே, திருமுறைக்கு இல்லையா? ஓதுவார்ப் பயிற்சி முடித்த நம் இளைஞர்களையும் அந்தக் கோயில்கள் அழைக்க வேண்டும். நிர்வாகிகளுக்குக் கடிதம் தயாராக இருக்கிறது, கையெழுத்துதான் வேண்டும்.

உடல்நலம் பற்றிப் பேச நேரமில்லை. நீதியரசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஒன்றில் கடிதத்துக்குக் கையெழுத்து. இன்னொன்று சனிக்கிழமை மாலைத் திருமுறை வகுப்புக்கு. இந்த ஆண்டு மகனிடமோ மகளிடமோ போகிறவர்கள் பெயர் எழுதாமல் சாப்பிடப் போகாதீர்கள்.