மட்டிப்பழம் முதல் பலாச்சக்கை வரை: பாலில்லா ஐஸ்கிரீம்

நேயர்களுக்கு வணக்கம். பால் சேர்க்காமல், பழத்தை மட்டும் நம்பி வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். கடையில் ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால், அதில் பாலே இல்லை என்று நம்பி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்திருப்பார்கள். பால்பொடி பெரும்பாலும் அதில் இருக்கும். ஒவ்வாமை உள்ள வீட்டில் உறையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்தே ஆக வேண்டும்.

பழம் என்றால் முதலில் வாழை. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உறைந்தால் வெறும் பனிக்கட்டிதான். வாழைப்பழத்தில் தண்ணீர் முக்கால் பங்கு. மீதியில் சர்க்கரையும், பெக்டின் என்கிற பசை போன்ற நார்ச்சத்தும் இருக்கின்றன. சர்க்கரை பழத்தைக் கல்லாக உறைய விடாது. பெக்டின் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் உறைந்த வாழைப்பழத்தை அரைத்தால் வழவழப்பு தானே வந்துவிடுகிறது.

எந்த வாழை? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலை இங்கேதான் முடிகிறது. குமரி மாவட்டத்தில் இருக்கிற நமக்கு இதில் பெரிய வசதி. என்னைக் கேட்டால் முதலிடம் மட்டிப்பழத்துக்குத்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். விரல் நீளம்தான், ஆனால் ஏலக்காய்கூடப் போட வேண்டாம், அவ்வளவு மணம். அடுத்து செந்துளுவன், அதாவது செவ்வாழை, சதை நிறைய, நிறமும் அழகு. ரசகதலி ருசிதான், ஆனால் சில பழத்தில் நடுவே கல் விழுந்திருக்கும், அதாவது சதை கட்டிதட்டியிருக்கும். அந்தக் கல் மிக்ஸியில் மசியாது, நாக்கில் தட்டும். நறுக்கும்போதே விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துப் போட்டுவிடுங்கள். பாளையங்கோட்டான் லேசாகப் புளிக்கும். அதைக் கைதச்சக்கையோடு, அதாவது அன்னாசியோடு, சேர்க்கலாம், பிறகு சொல்கிறேன். ஏத்தன் பழத்தில், அதாவது நேந்திரத்தில், மாவுச்சத்து அதிகம். தோல் மஞ்சளாக இருக்கும்போது அரைத்தால் களி மாதிரி ஒட்டும். தோல் பாதிக்கு மேல் கறுத்த பிறகுதான் அது இந்த வேலைக்கு ஆகும். எந்தப் பழமானாலும் தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். காயில் இருக்கிற மாவுச்சத்து கனியும்போதுதான் சர்க்கரையாக மாறுகிறது. அரைப்பழுப்பில் செய்துவிட்டு இனிப்பு போதவில்லை என்று சீனி கொட்டுவதில் அர்த்தமில்லை.

நாலு பேருக்கு, உரித்த பழம் அரைக்கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு தடவுங்கள், பழம் கறுக்காது. எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். குவித்து வைத்தால் ஒரே கட்டியாகிவிடும், பிறகு சுத்தியல்தான் தேட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து, இறுக்க மூடுகிற டப்பாவுக்கு மாற்றி, ராத்திரி முழுக்க விடுங்கள். கடலோர ஊர்களில் ஃப்ரீசரில் மீன் இல்லாத வீடு ஏது? திறந்து வைத்த பழத்தில் அந்த வாடை ஏறிவிடும். மூடி முக்கியம்.

இனி அரைப்பது. வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, கால் கிலோவாக இரண்டு தடவை அரையுங்கள். ஜாரை நிறைத்தால் அடியில் இருப்பது உருகும், மேலே இருப்பது கட்டியாகவே நிற்கும். பத்து விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், கரண்டியால் ஓரத்தை வழித்து உள்ளே தள்ளுங்கள், மறுபடி ஓட்டுங்கள். முதலில் புட்டு மாவு போல உதிரியாக வரும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்! ஊற்றினால் கிடைப்பது பழ ஜூஸ். அதை மறுபடி உறைய வைத்தால் பனிக்கட்டி. பொறுத்து இன்னும் நாலைந்து தடவை ஓட்டினால் உதிரி எல்லாம் ஒன்றுகூடி உருண்டையாகும், அப்புறம் திடீரென்று இளகி வழவழவென்று சுழலும். நடுவில் மிக்ஸி நின்றுபோனால் பதற வேண்டாம். மோட்டார் சூடேறியிருக்கிறது. சற்று ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

கடைசிச் சுற்றில், கால் கிலோவுக்கு இரண்டு மேஜைக்கரண்டி தேங்காயின் முதல் பாலும் ஒரு சிட்டிகை உப்பும். அப்போது பிழிந்த பாலாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய்ப்பாலில் கொழுப்பு மேலே கட்டிவிடும். அது சின்னச் சின்னத் திப்பியாக ஐஸ்கிரீமில் நிற்கும், அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். இரண்டாம் பால் வேண்டவே வேண்டாம், அதுவும் தண்ணீர்தானே.

இதே முறையில் மாம்பழமும் செய்யலாம். அதில் தண்ணீர் வாழையைவிட அதிகம். ஆகவே பாதி மாம்பழம், பாதி வாழை. நார் இருந்தால் முதலில் விழுதாக்கி வடிகட்டி, தட்டில் மெல்லிசாக உறைய வைத்து உடைத்து அரையுங்கள். ரப்பர் தோட்டத்தில் ஊடுபயிராக விளைகிற கைதச்சக்கை பசும்பாலோடு சேர்ந்தால் கசந்துபோகும். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைப்பதுதான் காரணம். தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு, அந்தத் தொல்லை இல்லை. ஒரு பங்கு கைதச்சக்கைக்கு ஒரு பங்கு பாளையங்கோட்டான் போடுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சீனி சேர்க்கவில்லை என்றாலும் பழத்தில் சர்க்கரை இருக்கிறது; நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைத்ததை அப்போதே சாப்பிடுவதுதான் ருசி. மீந்தால் மூடிவைத்து, மறுநாள் மறுபடி ஒரு சுற்று அரைத்துப் பரிமாறுங்கள். கரண்ட் போய் முழுக்க உருகிச் சூடேறிவிட்டால், தேங்காய்ப்பால் சேர்த்ததை வைத்திருக்காதீர்கள். பலாச்சக்கைக்கு, சுளை கெட்டியான வருக்கையானால் சுளையை நறுக்கி நேராக உறைய வையுங்கள். சுளை குழைவான கூழன் சக்கையானால் வடிகட்டிய கூழ் கால் கிலோ, ஆறிய கருப்பட்டிப் பாகு ஒரு மேஜைக்கரண்டி, முதல் பால் நாலு மேஜைக்கரண்டி, ஒரு துளி சுக்குப்பொடி. கலந்து தட்டில் உறையவிட்டு, உடைத்து அரையுங்கள். இதிலும் தண்ணீர் கூடாது. வணக்கம்.