பழைய செயற்கைக்கோள் சொன்ன நேரத்துக்கு முன்பே வருவது ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும், எப்போதோ செயலிழந்துபோன ஒரு செயற்கைக்கோளைப் பார்க்க ஆப்பில் நேரம் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு 20 விநாடி முன்பே வந்து போய்விட்டது. ஆப் தப்பா? சிக்னலே கொடுக்காத ஒன்று எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ரேடாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இங்கிருந்து அலையை அனுப்புகிறது, பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். செயற்கைக்கோள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். 1958 மார்ச்சில் அமெரிக்கா அனுப்பிய வான்கார்ட் 1 செயற்கைக்கோள், வெறும் 16.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. 1964-லேயே அதன் சிக்னல் நின்றுவிட்டது. இன்றும் அதன் பாதையைக் கண்காணித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் யாரும் அதை விநாடிக்கு விநாடி பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ரேடாரின் பார்வைக்குள் வரும் கொஞ்ச நேரத்தில் அளந்துகொள்கிறார்கள். அப்படிப் பல அளவுகளைச் சேர்த்து ஒரு பாதையைக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். உங்கள் ஆப்பில் நகர்கிற புள்ளி இருக்கிறதே, அது நேரலை இல்லை, கணக்கு. அந்தக் கணக்கு டிஎல்இ என்கிற தரவிலிருந்து வருகிறது. இரண்டே வரிகள், ஒவ்வொன்றிலும் 69 எழுத்து.

அதைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும், எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். முதல் வரியில் 25032.50000000 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 25 என்றால் 2025. 032 என்றால் அந்த ஆண்டின் 32-வது நாள், அதாவது பிப்ரவரி 1. புள்ளிக்குப் பிறகு உள்ள 5 அரை நாள், உலகப் பொது நேரப்படி நண்பகல். இந்தப் பாதை எந்த நேரத்துக்கானது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. (ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். அதனால் 57 முதல் 99 வரை போன நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டார்கள், முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் போனது 1957-ல் அல்லவா!) உங்கள் ஆப்பில் இந்தத் தேதி பழசாக இருந்தால் தப்பு அங்கேதான்.

சரி, ஏன் தாமதமாக வராமல் முன்கூட்டியே வந்தது? அந்த உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது, அது உரசுகிறது. உரசினால் வேகம் குறைந்து தாமதமாகத்தானே வர வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. உரசலில் ஆற்றலை இழந்தால் செயற்கைக்கோள் கீழே இறங்குகிறது. கீழே வந்தால் சுற்று சிறிது, வேகமும் அதிகம். 500 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்குச் சுமார் 94 நிமிடம் 40 விநாடி. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் 1.2 விநாடி மிச்சம். இப்போது உங்கள் செயற்கைக்கோள் கணக்கில் உள்ளதைவிட 100 மீட்டர் மட்டும் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 0.12 விநாடி, ஒரு நாளைக்கு 15 சுற்று, பத்து நாளில் கிட்டத்தட்ட 19 விநாடி. நீங்கள் கேட்ட 20 விநாடி வந்துவிட்டதா? அந்த 20 விநாடியில் அது 150 கிலோமீட்டர் போய்விடும்.

உரசலையும் முன்பே கணக்கில் சேர்க்கலாமே என்றால், சேர்க்கத்தான் செய்கிறார்கள், அந்த இரண்டு வரியிலேயே அதற்கும் ஓர் எண் உண்டு. சிக்கல் சூரியனால் வருகிறது. சூரியன் சீறும்போது மேல் வளிமண்டலம் சூடாகி விரிகிறது, உரசல் கூடுகிறது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் எதிர்பார்த்ததற்கு முன்பே 1979-ல் விழுந்ததற்கும், 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வீணானதற்கும் இதுதான் காரணம்.

இதில் ஒரு நல்ல விஷயம், பிழை பெரும்பாலும் பாதை நெடுகத்தான் வரும், பக்கவாட்டில் அவ்வளவு வராது. வானத்தில் வழி கிட்டத்தட்ட அதேதான், நேரம்தான் மாறும். அதனால் ஓரிரு நிமிடம் முன்பே அந்த வழியில் கண்ணை வைத்திருங்கள், மாட்டிக்கொள்ளும். பார்க்க இது போதும். மோதலைத் தவிர்க்கப் போதாது. 2009-ல் இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும் செயலிழந்த காஸ்மாஸ் 2251 என்ற செயற்கைக்கோளும் மோதிக்கொண்டபோது, பொதுத் தரவை வைத்துப் போட்ட கணக்கு இரண்டும் அரை கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகும் என்றுதான் சொன்னது.

அப்புறம், உங்களிடம் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பிடிக்கும் ரேடியோ இருந்தால் ஆஸ்கர் 7-ஐப் பிடித்துப் பாருங்கள். 1974-ல் போன ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி ஆர்வலர்களின்) செயற்கைக்கோள். 1981-ல் பேட்டரி பழுதாகிச் செத்தது என்று விட்டுவிட்டார்கள். 2002-ல் திடீரென்று அதன் மோர்ஸ் ஒலி கேட்டது. பேட்டரியில் இருந்த ஷார்ட் தானாகவே விலகி, சூரியத் தகடுகளின் மின்சாரம் நேராக உள்ளே போனதுதான் காரணம். சுமார் 1,450 கிலோமீட்டர் உயரம், காற்று உரசல் அங்கே மிகக் குறைவு, ஆகவே நேரமும் லேசில் பிசகாது. 145.97 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேளுங்கள். அடிவானத்தில் எழும்போது டாப்ளர் விளைவால் (நம்மை நோக்கி வருவதன் அலைவரிசை கூடித் தெரியும், விலகிப் போவதன் அலைவரிசை குறைந்து தெரியும்) ஏறத்தாழ 2.8 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே கேட்கும், போகப்போக இறங்கும். எந்தக் கணத்தில் மிக வேகமாக இறங்குகிறதோ, அதுதான் உங்களுக்கு மிக அருகில் வந்த கணம். அதைக் குறித்து ஆப்பின் நேரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் தரவு எவ்வளவு சரி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒன்றுமே கேட்கவில்லையா? உடனே ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். ஆஸ்கர் 7-க்கு வேலை செய்யும் பேட்டரி இல்லை. பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும், வெயிலுக்கு வந்ததும் மறுபடி தொடங்கும், அதுவும் எப்போதும் ஒரே அலைவரிசையில் இல்லை. நீங்கள் கேட்ட நேரத்தில் அது வெயிலில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.